சத்தத்தைவிட சுத்தம் முக்கியம்! ஹாம் ரேடியோ ஆம்ப்ளிஃபயரை செட் செய்வது எப்படி?

2024 நவம்பர் 30 இரவு, புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலை விழுப்புரம் மாவட்டம் இன்னும் மறக்கவில்லை. கரையைக் கடந்த புயல் கிளம்பிப் போயிருந்தால் பரவாயில்லை. மணிக்கணக்கில் நகராமல் அங்கேயே நின்று கொட்டித் தீர்த்தது. திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. டிசம்பர் 2-ம் தேதி விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே உள்ள ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால் ரயில்கள் ரத்தாயின. அரசூர் பக்கம் சென்னை - திருச்சி நெடுஞ்சாலையே தண்ணீருக்குள் போனது. பல கிராமங்களில் நாள்கணக்கில் கரன்ட் இல்லை.

கரன்ட் இல்லையென்றால் செல்போன் டவரும் பேட்டரி தீரும்வரைதான் தாங்கும். அதற்கப்புறம் உங்கள் கையில் இருக்கும் ஸ்மார்ட்போன் வெறும் டார்ச் லைட். இந்த மாதிரி நேரத்தில்தான் எல்லோருக்கும் ஹாம் ரேடியோ ஞாபகம் வரும்.

2004 டிசம்பர் 26 சுனாமி அன்று, பாரதி பிரசாத் (அழைப்புக்குறி வி.யு.2 ஆர்.பி.ஐ) தலைமையில் ஒரு ஹாம் குழு போர்ட் பிளேரில் இருந்தது. உலகம் முழுக்க உள்ள ஹாம்களோடு பேசுவதற்காக அந்தமான் போயிருந்தார்கள். சுனாமியில் தகவல் தொடர்பு அறுந்துபோக, பொழுதுபோக்குக்காக வைத்திருந்த அதே செட்டுகள்தான் தீவுகளுக்கும் மெயின்லேண்டுக்கும் இடையே செய்தி கடத்தின. நடுவில் இருந்தது ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் கடல்.

இதையெல்லாம் கேட்டு ஆர்வமாகி லைசென்ஸ் வாங்கும் பலரும் சீக்கிரமே கேட்கிற கேள்வி, "பவர் ஆம்ப்ளிஃபயர் எங்க கிடைக்கும்?" கேள்வி தப்பில்லை. ஆனால், அதற்கு முன்னாடி கேட்க வேண்டிய கேள்விகள் சில இருக்கின்றன.

லீனியர்னா என்ன?

ஹாம்கள் பேசும் ரேடியோ செட்டை 'ரிக்' என்பார்கள். சாதாரணமாக ஒரு ரிக் 100 வாட் தரும். அந்த 100 வாட்டை வாங்கி 400, 500 வாட்டாகப் பெருக்கி ஆன்டெனாவுக்கு அனுப்பும் பெட்டிதான் பவர் ஆம்ப்ளிஃபயர். ஹாம்கள் பாஷையில் 'லீனியர்'. உள்ளே போகும் குரலின் வடிவத்தை மாற்றாமல், அளவை மட்டும் பெரிதாக்க வேண்டும் என்பதால் அந்தப் பெயர்.

எவ்வளவு பவர் வரை போகலாம் என்பது உங்கள் இஷ்டமில்லை. நம் நாட்டில் எச்.எஃப் அலைவரிசைகளில் ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு 50 வாட், ஜெனரல் கிரேடுக்கு 400 வாட் என்பதுதான் பழகிய கணக்கு. உங்கள் லைசென்ஸில் என்ன அச்சாகியிருக்கிறதோ அதுவே இறுதி. லைசென்ஸே இல்லாமல் மைக்கை அழுத்தினால் 1 வாட்டும் சட்டவிரோதம்தான். 12 வயது நிரம்பிய யாரும் தேர்வு எழுதலாம். விண்ணப்பம் 'சரல் சஞ்சார்' இணையதளம் வழியாகப் போகிறது.

நாலு மடங்கு பவர்... ஒரே ஒரு படி!

100 வாட்டை 400 ஆக்கினால் எதிர்முனையில் நாலு மடங்கு சத்தமாகக் கேட்குமா? கேட்காது பாஸ். நாலு மடங்கு பவர் என்பது 6 டெசிபல். ரிசீவரில் சிக்னல் பலத்தைக் காட்டும் 'எஸ் மீட்டர்' கணக்கில் அது ஒரே ஒரு படி. எஸ்-7 ஆக இருந்தது எஸ்-8 ஆகும், அவ்ளோதான்.

இரைச்சலில் மூழ்கிக்கொண்டிருக்கும் குரலை மேலே தூக்க அந்த ஒரு படி உதவும். நிஜமாகவே உதவும். ஆனால், இன்னொரு விஷயத்தையும் சேர்த்துப் பாருங்கள். லீனியர் நீங்கள் பேசுவதை மட்டும்தான் பெரிதாக்குகிறது, எதிராளி பேசுவதை இல்லை. ஊருக்கே கேட்கும்படி கத்திவிட்டு, பதில் சொல்பவரின் குரல் காதில் விழாத ஸ்டேஷனுக்கு ஹாம்கள் வைத்திருக்கும் பட்டப்பெயர், முதலை. வாய் பெருசு, காது சின்னது!

ஆன்டெனாவை நல்லதாக்கினால் பேசுவது, கேட்பது ரெண்டுமே சேர்ந்து மேம்படும். செலவும் குறைவு.

விழுப்புரம் டு திண்டிவனம்... கணக்குப் போடுவோமா?

ரெண்டு ஊருக்கும் நடுவே சுமார் 40 கிலோமீட்டர். பஸ்ஸில் ஒரு மணி நேரம். ரேடியோவுக்கு?

கையடக்க வாக்கி டாக்கி வேலை செய்யும் 145 மெகாஹெர்ட்ஸ் அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகும். பூமியின் வளைவு குறுக்கே வரும். ரெண்டு பக்கமும் ஆன்டெனா 10 மீட்டர் உயரத்தில், அதாவது மூன்று மாடி வீட்டு உயரத்தில் இருந்தால், கணக்குப்படி எட்டும் தூரம் சுமார் 26 கிலோமீட்டர். 40 கிலோமீட்டர் எட்ட ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட 24 மீட்டர் உயரம் வேண்டும். இந்த இடத்தில் பவரைக் கூட்டினால் கிடைக்கும் லாபம் ரொம்பக் கம்மி. தேவையான கூடுதல் உயரமோ, நடுவில் விக்கிரவாண்டி, கூட்டேரிப்பட்டு பக்கம் செய்தியை வாங்கித் திருப்பிச் சொல்ல ஒரு நண்பரோ இருந்தால் வேலை முடிந்தது.

7 மெகாஹெர்ட்ஸ் பக்கம் வந்தால் கதையே வேறு. ஹாம்கள் இதை 40 மீட்டர் பேண்டு என்பார்கள். சுமார் 20 மீட்டர் நீளக் கம்பியை நடுவில் பிரித்து, பக்கத்துக்கு 10 மீட்டராக, 6, 7 மீட்டர் உயரத்தில் கட்டினால் அலை நேராக வானத்துக்குப் போய் அயனி மண்டலத்தில் பட்டு, ஷவர் மாதிரி சுற்றுவட்டாரம் முழுக்கத் திரும்ப விழும். பகலில் 40 கிலோமீட்டர் என்ன, சென்னை, திருச்சி, மதுரை வரைக்கும் இதே கம்பியில் பேசலாம். 100 வாட் தாராளம், பல நாள் 10 வாட்டே போதும்.

அப்போ லீனியர் எப்போ வேண்டும்? வானிலை மோசமாகி இடி இரைச்சல் அதிகம் இருக்கும்போது, கடல் தாண்டிப் பேசும்போது, நாலைந்து மாவட்ட ஸ்டேஷன்களை ஒருங்கிணைக்கும் மையமாக நீங்கள் இருக்கும்போது. அப்படியொரு தேவை இருக்கிறது என்றால், வாங்க செட் பண்ணுவோம்.

பெட்டியைத் திறக்கும் முன்...

முதல் வேலை, ஆன்டெனாவின் எஸ்.டபிள்யூ.ஆர் அளவைப் பார்ப்பது. அனுப்பிய பவரில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதற்கான கணக்கு இது. 1.5 என்றால் வெறும் 4 சதவிகிதம் திரும்புகிறது. 2 என்றால் 11 சதவிகிதம். 3 என்றால் 25 சதவிகிதம். 400 வாட் அனுப்பும்போது அதில் 100 வாட் திரும்பி வந்து ஆம்ப்ளிஃபயரை முட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1.5-க்குள் கொண்டுவந்துவிட்டு அப்புறம் லீனியரைத் தொடலாம்.

இரண்டாவது, கேபிள். மெல்லிசான ஆர்.ஜி-58 கேபிளை 30 மீட்டர் இழுத்தால், 145 மெகாஹெர்ட்ஸில் பவரில் முக்கால்வாசி கேபிளிலேயே சூடாகிப் போய்விடும். அதாவது 50 வாட் போட்டால் ஆன்டெனாவில் 12 வாட் சொச்சம். தடிமனான ஆர்.ஜி-213 போட்டால் அந்த நஷ்டம் பாதிக்குப் பக்கத்தில் வந்துவிடும். 7 மெகாஹெர்ட்ஸில் நஷ்டம் குறைவு என்றாலும், 400 வாட் போகும் பாதையில் தடித்த கேபிளே நல்லது.

மூன்றாவது, வீட்டு வயரிங். 400 வாட் வெளியே வர, பிளக் பாயின்ட்டிலிருந்து 800, 900 வாட் வரை இழுக்கும். மிக்ஸி, டி.வி ஓடும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இதையும் சொருகாதீர்கள். தனி 15 ஆம்பியர் பாயின்ட், ஒழுங்கான எர்த் ரெண்டும் கட்டாயம். நம் பக்கத்தில் வோல்டேஜ் மேலும் கீழும் ஆடும் என்பதால், டிரான்ஸ்ஃபார்மரில் 220, 240 என்று டேப் இருந்தால் உங்கள் வீட்டில் அளந்து பார்த்துப் பொருத்தமானதில் வையுங்கள்.

இணைக்கும் வரிசை

ரிக், லீனியர், பவர் மற்றும் எஸ்.டபிள்யூ.ஆர் மீட்டர், ஆன்டெனா. இதுதான் வரிசை. முதல் சோதனைகளில் ஆன்டெனா இடத்தில் 'டம்மி லோடு' இருக்க வேண்டும். பவரை வாங்கிச் சூடாக மாற்றும் 50 ஓம் ரெசிஸ்டர் அது. வானத்தில் யாருக்கும் தொல்லை தராமல் நிதானமாக அட்ஜஸ்ட் செய்யலாம்.

இதோடு ஒரு கன்ட்ரோல் வயரும் உண்டு. மைக்கை அழுத்தியதும் லீனியருக்குள் இருக்கும் ரிலே மாற வேண்டும் என்று ரிக் சொல்வது இந்த வயர் வழியாகத்தான். ரிலே மாற சில மில்லி விநாடிகள் ஆகும். அதற்குள் பவர் வந்துவிட்டால் ரிலேயின் முனைகள் பொறி கிளப்பிக் கருகும். பல ரிக்குகளின் மெனுவில் டிரான்ஸ்மிட் டிலே வைக்க வசதி இருக்கிறது. முதல் நாளே அதை ஆன் செய்யுங்கள்.

வால்வு லீனியர்: மாத்தி மாத்தித் திருகு!

அந்தக் காலத்து இந்திய ஹாம்கள் 807 வால்வை வைத்து வீட்டிலேயே ஆம்ப்ளிஃபயர் கட்டினார்கள். 811ஏ, 3-500இசட் வால்வுகள் இன்றும் பழைய பெட்டிகளில் ஓடுகின்றன. இவற்றின் முகப்பில் ரெண்டு பெரிய குமிழ்கள் இருக்கும். ஒன்று டியூன், இன்னொன்று லோடு.

கார்புரேட்டர் வைத்த பழைய ஸ்ப்ளெண்டரை மெக்கானிக் டியூன் பண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? ஏர் ஸ்க்ரூவைக் கொஞ்சம், ஐடில் ஸ்க்ரூவைக் கொஞ்சம், மறுபடி ஏர் ஸ்க்ரூ என்று மாத்தி மாத்தித் திருகுவார். இதுவும் அதே வித்தைதான்.

* ஆன் செய்து மூன்று நிமிடமாவது வால்வு சூடாக விடுங்கள். எவ்வளவு நேரம் என்பதை உங்கள் பெட்டியின் கையேடு சொல்லும்.

* அந்த பேண்டுக்குக் கையேட்டில் சொன்ன இடத்தில் ரெண்டு குமிழ்களையும் வையுங்கள்.

* ரிக்கிலிருந்து 10, 20 வாட் மட்டும் கொடுங்கள். டியூன் குமிழை மெதுவாகத் திருப்பினால் பிளேட் கரன்ட் ஒரு இடத்தில் பள்ளமாக இறங்கும், அதே இடத்தை ஒட்டி அவுட்புட் உச்சத்துக்குப் போகும். அங்கே நிறுத்துங்கள்.

* இப்போது லோடு குமிழைத் திருப்பி அவுட்புட்டைக் கூட்டுங்கள். மறுபடி டியூன். மறுபடி லோடு.

* ரிக் பவரைப் படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் இதையே திரும்பச் செய்யுங்கள்.

ஒவ்வொரு முறையும் ஐந்து, பத்து விநாடிக்கு மேல் அழுத்திப் பிடிக்காதீர்கள். விட்டுவிட்டு ஆறவிட்டுச் செய்யுங்கள். கண் எப்போதும் கிரிட் கரன்ட் மீட்டரிலேயே இருக்கட்டும். அது எகிறினால், லோடு போதவில்லை அல்லது ரிக் பவர் அதிகம் என்று அர்த்தம். வால்வைச் சாகடிப்பது பெரும்பாலும் இந்த மீட்டரைப் பார்க்காத கண்தான்.

மாஸ்ஃபெட் லீனியர்: திருகக் குமிழே இல்லை!

இப்போது வரும் ஆம்ப்ளிஃபயர்களில் டியூன், லோடு இல்லை. அதனால் அட்ஜஸ்ட்மென்ட் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். இதில் முக்கியமானது பயாஸ், அதாவது சிக்னல் இல்லாதபோது மாஸ்ஃபெட் வழியாக ஓடும் சும்மா கரன்ட்.

ஹைதராபாத்தின் அஷார் ஃபர்ஹான் வடிவமைத்த 'பிட்எக்ஸ்' வரிசை ரிக்குகளில் கைப்பழக்கம் தொடங்கிய இந்திய இளைஞர்கள் நிறைய பேர். அதன் அடுத்த தலைமுறையான 'மைக்ரோ பிட்எக்ஸ்' தருவது சுமார் 10 வாட். கடைசிக் கட்டத்தில் ரெண்டு ஐ.ஆர்.எஃப்-510 மாஸ்ஃபெட்கள். பயாஸ் வைக்கும் முறை இதுதான்: சப்ளை வயரில் அம்மீட்டரைச் சேருங்கள். ரெண்டு பயாஸ் பிரிசெட்டையும் பூஜ்ஜியத்தில் வைத்து, மைக்கில் பேசாமல் டிரான்ஸ்மிட்டை அழுத்தி, கரன்ட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் பிரிசெட்டை மிக மெதுவாகத் திருப்பி கரன்ட் 100 மில்லி ஆம்பியர் கூடியதும் நிறுத்துங்கள். இரண்டாவதையும் அதேபோல இன்னொரு 100 கூடும்வரை. அவசரப்பட்டு ஒரு சுற்று அதிகமாகத் திருப்பினால் மாஸ்ஃபெட் காலி.

பெரிய மாஸ்ஃபெட் ஆம்ப்ளிஃபயருக்கும் இதே தத்துவம்தான், கரன்ட் அளவு மட்டும் மாறும். பயாஸ் குறைவாக இருந்தால் குரல் கரகரக்கும். அதிகமாக இருந்தால் ஹீட் சிங்க் கொதிக்கும். கூடவே, அந்தந்த பேண்டுக்கான லோ பாஸ் ஃபில்டர் சரியாக மாறியிருக்கிறதா என்று பாருங்கள். 21.2 மெகாஹெர்ட்ஸில் நீங்கள் பேச, அதன் ஐந்து மடங்கான 106-ல் பக்கத்து வீட்டு எஃப்.எம் ரேடியோ உறுமக்கூடும். அதைத் தடுப்பது அந்த ஃபில்டர்தான்.

மைக் செட் சொல்லும் பாடம்

கோயில் திருவிழாவில் மைக் செட் வால்யூமை ஒரேயடியாகக் கூட்டினால் என்ன ஆகும்? சத்தம் கூடாது, பாட்டு கரகரவென்று உடையும். ஆம்ப்ளிஃபயரால் அதற்கு மேல் தர முடியாமல் அலையின் உச்சி வெட்டப்படுகிறது. ரேடியோவிலும் இதேதான். ஆனால், ஒரு பெரிய வித்தியாசம். உடைந்த குரல் உங்கள் அலைவரிசையோடு நிற்காமல், பக்கத்து அலைவரிசைகளிலும் சிதறும். 3 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் அடங்க வேண்டிய பேச்சு 10, 15 என்று பரவும்.

சாதாரண நாளில் இது எரிச்சல். புயல் நாளில், பக்கத்து அலைவரிசையில் ஒருவர் "இத்தனை பேர் மாடியில் நிற்கிறார்கள், படகு அனுப்புங்கள்" என்று மெல்லிய சிக்னலில் சொல்லிக்கொண்டிருந்தால்? உங்கள் 400 வாட் கரகரப்பு அந்த வாக்கியத்தை விழுங்கிவிடும். லீனியரைச் சரியாக அட்ஜஸ்ட் செய்வது ஏன் முக்கியம் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

அதனால் உச்சத்தில் ஓட்டாதீர்கள். 500 வாட் திறன் உள்ள பெட்டியை 350, 400-ல் நிறுத்துங்கள். எதிர்முனைக்கு அந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. மைக் கெயின், ஸ்பீச் கம்ப்ரஸர் ரெண்டையும் அடக்கி வையுங்கள். பிறகு, சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஹாம் நண்பரிடம் உங்கள் சிக்னல் எவ்வளவு அகலம் இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். நண்பர் இல்லையா? இணையத்தில் இருக்கும் பொது எஸ்.டி.ஆர் ரிசீவர்களை மொபைல் பிரவுசரிலேயே திறக்கலாம். உங்கள் குரல் திரையில் ஒல்லியான பட்டையாக விழுந்தால் பாஸ். ஓரம் பிசிறடித்துப் பரவினால், பவரைக் குறையுங்கள்.

இது விளையாட்டில்லை!

வால்வு ஆம்ப்ளிஃபயருக்குள் 600 வோல்ட்டில் தொடங்கி 3,000 வோல்ட் வரை இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டர்களில் அந்த மின்சாரம் தங்கியிருக்கும். மூடியைத் திறக்கும் முன் பிளக்கைப் பிடுங்கி, சில நிமிடங்கள் காத்திருந்து, எர்த் வயர் கட்டிய காப்பிடப்பட்ட குச்சியால் உயர் மின்னழுத்த முனையைத் தொட்டு டிஸ்சார்ஜ் செய்யுங்கள். ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு வேலை பார்ப்பது பெரியவர்களின் பழக்கம். ரெண்டு கையும் உள்ளே இருந்தால் ஷாக் நெஞ்சு வழியாகப் பாயும். தனியாக இருக்கும்போது திறக்கவே வேண்டாம்.

400 வாட் ஓடும்போது கேபிளிலேயே 140 வோல்ட் இருக்கும். ஆன்டெனா கம்பியின் நுனியில் ஆயிரக்கணக்கில் ஏறும். மொட்டை மாடியில் துணி காயப்போடும் உயரத்தில் அந்த நுனியைக் கட்டாதீர்கள். கரன்ட் கம்பிக்குப் பக்கத்திலோ மேலேயோ ஆன்டெனா இழுக்கவே கூடாது. இடி இடித்தால் கேபிளைக் கழற்றி வீட்டுக்கு வெளியே விடுங்கள்.

கரன்ட் போனா என்ன பண்ணுவீங்க?

இங்கேதான் லீனியரின் பலவீனம் தெரியும். 13.8 வோல்ட்டில் ஓடும் 400 வாட் ஆம்ப்ளிஃபயர் அழுத்திப் பிடித்தால் சுமார் 50 ஆம்பியர் குடிக்கும். வீட்டு இன்வெர்ட்டரின் 150 ஏ.எச் பேட்டரியைச் சில மணி நேரத்தில் படுக்க வைத்துவிடும். 100 வாட் ரிக் மட்டும் என்றால் 20 ஆம்பியர். 10 வாட் செட்டுக்கு ரெண்டு, மூன்று ஆம்பியர். கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தால் அதைவிட மிகக் குறைவு. அதே பேட்டரியில் நாள்கணக்கில் ஓடும்.

ஃபெஞ்சல் மாதிரி இன்னொன்று வந்தால், மூன்றாவது நாளும் பேசிக்கொண்டிருக்கப்போவது பெரும்பாலும் அந்த 10 வாட் ஸ்டேஷன்தான். ஆகவே லீனியர் இருப்பவர்களும், அது இல்லாமல் பேசும் வழியைத் தயாராக வைத்திருக்க வேண்டும். பேச்சுக்குத் தேவையான குறைந்தபட்ச பவரில் பேசு என்பது உலகம் முழுக்க ஹாம்கள் மதிக்கும் விதியும்கூட.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்காக ஒதுக்குங்கள். விழுப்புரத்தில் நீங்கள், திண்டிவனத்தில் நண்பர். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, பேட்டரியில் 7 மெகாஹெர்ட்ஸில் கூப்பிடுங்கள். முதலில் 10 வாட், அப்புறம் 100. அதிலேயே ஒருவருக்கொருவர் தெளிவாகக் கேட்டால், லீனியர் வாங்க வைத்திருக்கும் காசில் இன்னொரு நல்ல பேட்டரியும் தடித்த கேபிளும் வாங்கிவிடலாம்.